ஸ்கேன் படத்தில் வைரஸ் தெரியுமா?

காய்ச்சலும் இருமலும் மூன்று நாள் நீடித்தால் போதும். ‘‘எதற்கும் நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடு’’ என்று யோசனை சொல்ல மும்பையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த அறைக்காரர் சொல்வார். லோக்கல் ரெயிலில் கூட வருகிறவர் சொல்வார். மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பையனும் சொல்வான்.

ஸ்கேன் என்பது இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் சமாசாரம். மெஸ்ஸில் வேலை பார்க்கிற தம்பிக்கும், தோல் பட்டறையில் நிற்கிற அண்ணனுக்கும், மாதச் சம்பளக் குமாஸ்தாவுக்கும் அது ஊருக்கு அனுப்ப வைத்திருக்கும் பணம். அந்தப் பணத்தைக் கொடுத்துப் படம் எடுத்தால் நமக்குக் கிடைப்பது என்ன? வைரஸ் நிமோனியாவை அந்தப் படம் கண்டுபிடித்துச் சொல்லிவிடுமா?

நம் வாசகர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் உண்டு. தெரியாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

நிமோனியா என்றால் என்ன?

நம் நெஞ்சுக்குள் வலது நுரையீரல் மூன்று பாகமாகவும், இடது நுரையீரல் இரண்டு பாகமாகவும் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு காற்றுப் பைகள் 30 கோடிக்கு மேல் உள்ளன. நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராணவாயு ரத்தத்தில் கலப்பது இந்தப் பைகளில்தான்.

கிருமி புகுந்து இந்தப் பைகளில் அழற்சி ஏற்பட்டு, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் சேர்ந்தால் அது நிமோனியா. பாக்டீரியா என்ற கிருமியாலும் வரும், வைரஸாலும் வரும். சில சமயம் பூஞ்சையாலும் வரும்.

வைரஸிலும் பல ஜாதி உண்டு. இன்ஃபுளூயன்சா என்ற ஃப்ளூ வைரஸ், 2009இல் உலகம் முழுவதும் பரவிய பன்றிக் காய்ச்சல் வைரஸ், குழந்தைகளை அதிகம் தாக்கும் ஆர்.எஸ்.வி., அடினோ வைரஸ், 2020இல் உலகையே முடக்கிப்போட்ட கொரோனா வைரஸ் என்று பட்டியல் நீளம்.

எந்த வைரஸ் என்று தெரிவதில் என்ன லாபம்? லாபம் இருக்கிறது. ஃப்ளூ என்றால் அதற்கு ஓசெல்டாமிவிர் என்ற மாத்திரை உண்டு. நோய் கண்ட முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும். கொரோனாவுக்கு அந்த மாத்திரை உதவாது. பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் மருந்து வேண்டும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆகவே வந்திருப்பது யார் என்று தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும்

எக்ஸ்ரே கதிரை 1895 நவம்பரில் ஜெர்மனியில் கண்டுபிடித்தவர் ரோண்ட்கன். எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். ரொட்டிக் கடையில் முழு பிரட்டை விளக்குக்கு முன் பிடித்து, அதன் நிழலைச் சுவரில் பார்ப்பதுபோல. உள்ளே ஒரு கல் இருந்தால் நிழலில் தெரியும். ஆனால் முன்பக்கம் உள்ளதும் பின்பக்கம் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னக் கோளாறு நிழலில் தப்பிவிடலாம்.

சி.டி. ஸ்கேன் அதே எக்ஸ்ரே கதிரைத்தான் உபயோகிக்கிறது. ஆனால் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கிறது. அந்த விவரங்களைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பிரட்டைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு துண்டாகக் காட்டுவதுபோல நுரையீரலைக் காட்டுகிறது. துண்டுகளை மிக மெல்லியதாக எடுத்தால் அதற்கு எச்.ஆர்.சி.டி. என்று பெயர். நுரையீரலுக்குப் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

இந்த யந்திரத்தை உண்டாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேய என்ஜினீயர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் வாங்காதவர். இசைத்தட்டுக்குப் பேர்போன ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் ஒரு பெண்மணியின் மூளையை முதன்முதலாக இந்த யந்திரம் படம் எடுத்தது. 1979இல் ஆலன் கார்மாக் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து ஹவுன்ஸ்ஃபீல்டு நோபல் பரிசு பெற்றார்.

இன்றும் சி.டி. படத்தில் அடர்த்தியை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. காற்று நிறைந்த நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். நீர் கோத்த இடம் வெளுக்க ஆரம்பிக்கும்.

தேய்த்த கண்ணாடி

நிமோனியா ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு வார்த்தை ‘கிரவுண்ட் கிளாஸ் ஒப்பாசிட்டி’. பயப்பட வேண்டாம். குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற தேய்த்த கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் வரும், ஆனால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும். அதுபோல நுரையீரலில் சில இடங்கள் மங்கலாகத் தெரிகின்றன என்று அர்த்தம். அந்த மங்கலுக்குள்ளும் ரத்தக் குழாய்கள் தெரியும்.

நோய் முற்றிக் காற்றுப் பைகள் நிறைந்துவிட்டால் அந்த இடம் முழு வெள்ளையாகிவிடும். குழாய்களும் மறைந்துவிடும். இதற்குக் ‘கன்சாலிடேஷன்’ என்று பெயர்.

பாக்டீரியா நிமோனியா பெரும்பாலும் ஒரு பக்கத்தில், ஒரு பாகத்தில் அடர்த்தியாக வெளுக்கும். வைரஸ் நிமோனியா பெரும்பாலும் இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாக மங்கும். கொரோனாவில் இந்தத் திட்டுகள் நுரையீரலின் ஓரங்களிலும் கீழ்ப்பாகங்களிலும் அதிகம்.

‘பெரும்பாலும்’ என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். விதிவிலக்குகள் ஏராளம். கொரோனா திட்டும் ஃப்ளூ திட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கலாம். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் மங்கலாகத் தெரியும். சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் போனாலும் அப்படித்தான். நம் மும்பை ஜன்னல்களில் மண்டிக் கிடக்கும் புறா எச்சத்தின் தூசியை நாள் கணக்கில் சுவாசித்து, அதனால் நுரையீரல் அழற்சி கண்டவர்களுக்கும் இதே தேய்த்த கண்ணாடி தெரியலாம்.

பார்சல் ஆபீஸில் ஒரு மூட்டை நனைந்திருப்பதைப் பார்க்கிறோம். நனைந்தது தெரிகிறது. எவ்வளவு நனைந்தது என்பதும் தெரிகிறது. மழையா, குழாய்த் தண்ணீரா, உள்ளே இருந்த எண்ணெயா என்பது பார்வையில் தெரியாது. ஸ்கேன் படமும் அவ்வளவுதான். சேதத்தைக் காட்டும். சேதம் செய்த கிருமியின் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்வது மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். போன்ற பரிசோதனைகள்தான்.

வூஹானில் நடந்தது

இதற்கு ஓர் உதாரணம் சீனாவின் வூஹான் நகரம். 2020 ஆரம்பத்தில் கொரோனா அங்கே தலைவிரித்து ஆடியபோது குச்சிப் பரிசோதனைக்கான சாமான்கள் போதவில்லை. முடிவு வர நாளானது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் நெரிந்தது. டாக்டர்கள் ஸ்கேன் படத்தைப் பார்த்து நோயாளிகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். படத்தையும் நோய்க்குறிகளையும் வைத்தே கொரோனா என்று கணக்கில் சேர்க்கலாம் என்று ஹுபே மாகாணத்தில் அனுமதித்தார்கள். 2020 பிப்ரவரி 13ஆம் தேதி வெளியான கணக்கில் ஒரே நாளில் ஏறக்குறைய 15,000 பேர் கூடினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்த முறை கைவிடப்பட்டது.

அதே மாதம் வூஹான் டோங்ஜி ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மொத்தம் 1,014 பேருக்குக் குச்சிப் பரிசோதனையும் எடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். குச்சியில் நோய் உறுதியானவர்கள் 601 பேர். அவர்களில் 580 பேருக்கு ஸ்கேனிலும் திட்டுகள் இருந்தன. அதாவது 100க்கு 97. உலகப் பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் எடுத்து எழுதின. ஸ்கேனை மிஞ்ச ஒன்றும் இல்லை என்ற பேச்சு கிளம்பியது.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு எண்ணும் இருந்தது. குச்சியில் நோய் இல்லை என்று வந்தவர்கள் 413 பேர். அவர்களிலும் 308 பேருக்கு ஸ்கேனில் திட்டுகள்! குச்சிப் பரிசோதனையும் சில சமயம் நோயைத் தவற விடும். ஆகையால் அந்த 308 பேரில் சிலருக்கு உண்மையிலேயே கொரோனா இருந்திருக்கலாம். ஆனாலும் வேறு காரணத்தால் வந்த திட்டைக் கொரோனா என்று எண்ணிவிடும் ஆபத்து எவ்வளவு என்பதை இந்த எண் காட்டிவிட்டது.

2020 மார்ச்சிலேயே அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் கல்லூரி, கொரோனாவைக் கண்டுபிடிக்கும் முதல் பரிசோதனையாக ஸ்கேனை உபயோகிக்க வேண்டாம் என்று அறிவித்தது.

இரண்டு பக்கமும் ஏமாற்றும்

படம் சுத்தமாக இருந்தால் நோய் இல்லை என்று நிம்மதி அடையலாமா? அதுவும் முடியாது.

சீனாவில் நான்கு ஆஸ்பத்திரிகளில் 121 கொரோனா நோயாளிகளின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். நோய்க்குறி தோன்றி இரண்டு நாளுக்குள் ஸ்கேன் எடுத்தவர்கள் 36 பேர். அவர்களில் 20 பேருக்குப் படத்தில் ஒன்றுமே இல்லை. அவசரப்பட்டு முதல் நாளே ஸ்கேன் எடுக்க ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நேர்மாறான கதையும் உண்டு. ஜப்பான் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் கொரோனா கண்டவர்கள் 104 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அவர்களில் 76 பேருக்குக் காய்ச்சலோ இருமலோ எதுவும் இல்லை. ஆனால் அந்த 76 பேரில் 41 பேரின் நுரையீரலில் திட்டுகள் இருந்தன. ஆள் நன்றாக இருக்கிறார். படத்தில் திட்டு இருக்கிறது! இப்படிப்பட்ட ஆளை, படத்தை மட்டும் பார்த்துப் படுக்கையில் போட்டு மருந்து ஏற்றினால் என்ன ஆகும்?

2021 ஏப்ரலில்

இது நம் ஊரிலேயே நடந்தது. 2021 ஏப்ரலில் இரண்டாவது அலை மும்பையை அடித்தபோது ஸ்கேன் சென்டர்களில் ஒரே கூட்டம். மகாராஷ்டிர சர்க்கார் முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே எச்.ஆர்.சி.டி.க்கு உச்ச கட்டணம் நிர்ணயித்திருந்தது. யந்திரத்தின் சக்தியைப் பொறுத்து ரூ.2,000, ரூ.2,500, ரூ.3,000 என்று மூன்று படிகள். கட்டணம் குறைந்தது நல்லதுதான். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமலும் போய் நிற்கிறவர்கள் பெருகினார்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூன்று நாள் காய்ச்சல். தானாகவே போய் ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட்டில் ‘கோராட்ஸ் 5’ என்றும், அதற்குக் கீழே ‘3/25’ என்றும் இருந்தது. அங்கே யாரும் விளக்கிச் சொல்லவில்லை. வீட்டில் அதைப் படித்த மகன், ‘‘அப்பாவுக்கு அஞ்சாவது ஸ்டேஜ்’’ என்று சொல்லிவிட்டான். அழுகுரல் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஊரிலிருந்து போனுக்கு மேல் போன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தார். 97 இருந்தது. மூச்சு எண்ணினார்; சரியாக இருந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்து, தினம் மூன்று வேளை விரல் யந்திரத்தில் பார்த்து எழுதி வையுங்கள், 94க்குக் கீழே வந்தால் உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பத்து நாளில் நண்பர் எழுந்துவிட்டார்.

அந்த இரண்டு எண்ணுக்கும் அர்த்தம் என்ன? ‘கோராட்ஸ்’ என்பது நெதர்லாந்து ரேடியாலஜி டாக்டர்கள் 2020இல் வகுத்த முறை. படத்தைப் பார்த்தால் கொரோனா என்று எவ்வளவு சந்தேகப்படலாம் என்பதற்கு 1 முதல் 5 வரை எண். 5 என்றால் சந்தேகம் மிக அதிகம். நோய் கடுமை என்று பொருளே இல்லை. கடுமையைச் சொல்வது 25க்கு இத்தனை என்ற கணக்கு. நுரையீரலின் ஐந்து பாகத்துக்கும் சேதத்துக்குத் தக்கபடி தலா 0 முதல் 5 வரை மார்க். மொத்தம் 25. நண்பருக்கு 3 என்றால் சேதம் மிகக் குறைவு. அதைத் தெரிந்திருந்தால் அன்று இரவு அந்தக் குடும்பம் தூங்கியிருக்கும்.

2021 மே 3ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் டைரக்டர் டாக்டர் ரண்தீப் குலேரியா, லேசான கொரோனாவுக்கு ஸ்கேன் எடுப்பதால் பயன் இல்லை என்று நிருபர்களிடம் எச்சரித்தார். ஒரு ஸ்கேன் 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்றும் சொன்னார். இந்திய ரேடியாலஜி டாக்டர்கள் சங்கம் அதை மறுத்தது. இன்றைய யந்திரங்களில் அது 5 முதல் 10 எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது.

கதிர்வீச்சு எவ்வளவு? நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு சுமார் 0.1 மில்லிசீவர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான நெஞ்சு சி.டி.க்கு சுமார் 6. குறைந்த கதிரில் எடுக்கும் சி.டி.க்கு சுமார் 1.5. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதனுக்கு வருஷத்துக்கு இயற்கையாகவே கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. யந்திரத்தையும் எடுக்கிற முறையையும் பொறுத்துக் கணக்கு மாறும். அவசியத்துக்கு ஒரு ஸ்கேன் எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மனநிம்மதிக்காக மூன்று நாளைக்கு ஒரு முறை எடுப்பது வீண். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

படத்துக்கு மருந்தா, ஆளுக்கு மருந்தா?

பணமும் கதிரும்கூடப் பெரிதில்லை. பெரிய ஆபத்து, படத்தைப் பார்த்து மருந்து சாப்பிடுவதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் நடத்திய ‘ரிகவரி’ ஆராய்ச்சியின் முடிவு 2020 ஜூனில் வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் வைக்கப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கோடு போட்டது போன்ற முடிவு இது. மருந்து கொடுக்கலாமா என்பதைத் தீர்மானித்தது ரத்தத்தில் உள்ள பிராணவாயு. படத்தில் உள்ள திட்டு அல்ல. ஆனால் 2021இல் ரிப்போர்ட்டில் திட்டு என்று பார்த்ததுமே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் எத்தனை பேர்! ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். உடம்பின் எதிர்ப்பு சக்தியை இறக்கும். சர்க்கரை நோயாளிகளிடையே அந்த ஆண்டு கறுப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு ஸ்டீராய்டை அளவின்றி உபயோகித்ததும் ஒரு முக்கியக் காரணம் என்று டாக்டர்கள் கூறினார்கள். கண்ணை இழந்தவர்களும் உண்டு.

தாராவி காட்டிய வழி

மும்பைத் தமிழர்களுக்குத் தாராவியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாநகராட்சிக் கணக்குப்படி அங்கே சுமார் 8.5 லட்சம் ஜனங்கள். முதல் கொரோனா நோயாளி 2020 ஏப்ரல் 1ஆம் தேதி கண்டுபிடிக்கப்பட்டார். தாராவி பற்றி எரியப் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

என்ன செய்தார்கள்? டாக்டர்களும் சுகாதார ஊழியர்களும் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் முகாம் போட்டார்கள். கையில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும். சந்தேகம் உள்ளவர்களுக்குக் குச்சிப் பரிசோதனை. நோய் உள்ளவர்களைத் தனியே வைத்தார்கள். 2020 ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பெரிய யந்திரம் வருமுன் சிறிய யந்திரம் செய்த வேலை அது.

விரல் யந்திரத்தின் அருமை வேறொன்றிலும் உண்டு. கொரோனாவில் சிலருக்குப் பிராணவாயு இறங்கிக்கொண்டே போகும். ஆனால் மூச்சுத் திணறல் தெரியாது. பேசிக்கொண்டே இருப்பார்கள். இவர்களைக் காட்டிக் கொடுப்பது ஆக்சிமீட்டர்தான். பார்க்கும்போது விரலில் நகப்பாலிஷோ மருதாணியோ இருக்கக்கூடாது. கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். எண் நிலையாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.

மூச்சு வாங்காதவர்கள் வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிஷம் நடந்துவிட்டும் பார்க்கலாம். நடந்த பின் 93க்குக் கீழே வந்தாலோ, நடப்பதற்கு முன் இருந்ததைவிட 3க்கு மேல் குறைந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர்கள் இந்தச் சோதனை செய்யக்கூடாது.

சின்னக் குழந்தைகளுக்கு யந்திரமே வேண்டாம், கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ம், ஒரு வயதுக்குள் 50ம், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40ம் அதற்கு மேலும் இருந்தால் நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது.

அப்படியானால் ஸ்கேனே வேண்டாமா?

அப்படிச் சொல்லக்கூடாது. வேண்டிய நேரத்தில் ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும்.

பிராணவாயு குறைகிறது, எக்ஸ்ரேயில் காரணம் தெரியவில்லை என்றால் ஸ்கேன் வேண்டும். சிகிச்சை கொடுத்தும் நோயாளி மோசமாகிக்கொண்டே போனால் வேண்டும். நிமோனியா என்று நினைத்தது சீழ்க் கட்டியா, புற்றுநோயா என்று சந்தேகம் வந்தால் வேண்டும். நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு என்று சந்தேகித்தால் நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் வேறு வகை சி.டி. வேண்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் போன்ற எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு டாக்டர் சீக்கிரமே எழுதிக் கொடுப்பார். இவர்கள் தயங்கக்கூடாது. 2021இல் மத்திய சர்க்காரின் மருத்துவக் குழு வெளியிட்ட கொரோனா சிகிச்சை முறையிலும், நடுத்தரக் கடுமை உள்ளவர்களுக்கு நிலைமை மோசமானால் மட்டும் எச்.ஆர்.சி.டி. என்றுதான் இருந்தது.

நம் நகரத்தில் மறக்கக் கூடாத இன்னொன்று காசநோய். நெருக்கமான அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து படுக்கிறவர்கள் நம்மில் அதிகம். இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ வைரஸ் என்று நினைத்துச் சும்மா இருக்கக்கூடாது. ஸ்கேன் படம் காசநோயைச் சந்தேகிக்கத்தான் உதவும். உறுதி செய்வது சளிப் பரிசோதனை. அதுவும் மருந்தும் சர்க்கார், மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு

நெஞ்சு எச்.ஆர்.சி.டி. எடுக்கச் சாதாரணமாக ஊசி கிடையாது, வலி கிடையாது. சங்கிலி, தாயத்து, உலோகப் பித்தான் உள்ள சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். மல்லாந்து படுத்துக் கைகளைத் தலைக்கு மேலே வைக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். சில வினாடி வேலைதான். ஹிந்தியில் சொல்வது புரியாவிட்டால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சை விட்டுவிட்டால் படம் கலங்கிவிடும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்று சந்தேகம் இருந்தாலும் பெண்கள் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் ‘பைலேட்டரல்’ என்றால் இரண்டு பக்கமும். ‘பெரிஃபெரல்’ என்றால் ஓரத்தில். ‘லோயர் லோப்’ என்றால் கீழ்ப்பாகம். ‘ஃபைப்ரோசிஸ்’ என்றால் தழும்பு. அது பழைய நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். ‘நாட்யூல்’ என்றால் சிறு முடிச்சு. எல்லா முடிச்சும் புற்றுநோய் அல்ல. இவ்வளவும் பதறாமல் இருப்பதற்குத்தான். வைத்தியம் செய்துகொள்வதற்கு அல்ல. பழைய எக்ஸ்ரே, பழைய ஸ்கேன் இருந்தால் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். புதிய திட்டா, பழைய தழும்பா என்பதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் ஒன்று கேட்கலாம்: ‘‘இந்தப் படத்தில் ஏதாவது தெரிந்தால் மருந்து மாறுமா, டாக்டர்?’’ மாறும் என்றால் கடன் வாங்கியாவது எடுங்கள். எந்த நல்ல டாக்டரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருப்பதும் தவறு. தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். பரேலில் கே.ஈ.எம். இருக்கிறது. தொற்று நோய்களுக்கென்றே கஸ்தூர்பா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ரெயில்வே ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ரெயில்வே ஆஸ்பத்திரி உண்டு.

மழைக்காலத்தில் மும்பையில் காய்ச்சலும் இருமலும் கூடும். அறைக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கி வையுங்கள். எட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்குச் சொற்பத் தொகைதான் ஆகும். ஸ்கேனுக்கு ஓடுமுன் அதில் விரலை வையுங்கள். 94க்குக் கீழே என்றால் இரவோ பகலோ பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எண் சரியாக இருந்தாலும் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மனக்குழப்பமோ இருந்தால் அப்போதும் கிளம்புங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அங்கே டாக்டர் தீர்மானிக்கட்டும்.